சுவர் ஒன்று, கொடி இரண்டு

கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும் என்பதைத் தமிழ்மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பற்றுக்கோடின்றித் துவண்ட முல்லைக்குத் தன் தேரையே நிறுத்திச் சென்ற பறம்புநாட்டுப் பாரியின் புகழ் புறநானூற்றிலும் சிறுபாணாற்றுப்படையிலும் நின்று நிலவுகின்றது. பள்ளியிற் பயிலும் சிறுவனும் அச்செய்தியை அறிவான். ஆயினும் அதனைக் கேட்கும்போது நாம் கேளாது விடும் வினா ஒன்று உண்டு. அம்முல்லையின் அருகே அதனினும் வலிய கொடியொன்று நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓரிரு திங்களில் தேர் முழுவதும் வன்கொடியால் மூடப்பட்டு, முல்லையோ அடியில் வெயில் காணாது வெளிறிக் கிடந்திருக்கும். கொடுத்தவன் கொடையில் அப்போதும் குறையில்லை. கொடுத்த பின்னர் அருகிருந்து காப்பவர் இல்லாமையே குறையாகும்.

பழங்காலத்துத் தேரைப் பற்றிய இவ்வினா இக்காலத்துத் தோட்ட மதில்களில் நாள்தோறும் எழுகின்றது. வீட்டு மதிலிலும் ஆலய மதிலிலும் கல்லூரி மதிலிலும் ஏறு ரோஜாவை வளர்க்க விரும்புவார் பலர். அம்மதிலிலேயே விரைந்து படர்ந்து பசுமை தரும் பிறிதொரு கொடியையும் வேண்டுவார் அவருள்ளும் பலர். இரண்டையும் நட்டுவிட்டு, சில ஆண்டுகளில் ரோஜா மெலிந்து, இலையுதிர்ந்து, உச்சியில் ஒன்றிரண்டு பூக்களோடு நிற்பதைக் கண்டு வருந்துவர். அப்போது அறிவுரை கூற இருதிறத்தார் வருவர். வன்கொடியை வேரோடு பிடுங்கி எறிக என்பார் ஒருதிறத்தார். இயற்கையின் போக்கில் விடுக, வாழத் தக்கது வாழும் என்பார் மற்றொரு திறத்தார். இவ்விருவர் கூற்றும் பிழை என்பது என் கருத்து. இரண்டு கொடியும் ஒரு சுவரில் வாழக்கூடும். ஆனால் அவ்வாறு வாழ்வது நட்டவனுடைய இடையறாத காவலைப் பொறுத்தது. இதனையே இங்கு நிறுவ முயல்கின்றேன்.

முதற்கண் ரோஜாவின் இயல்பை அறிதல் வேண்டும். கொடிகள் மேலேறும் முறைகளை ஆராய்ந்து சார்லஸ் டார்வின் 1865-ஆம் ஆண்டில் நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். 1875-இல் அது திருத்தம் பெற்று நூலாக வந்தது. அதன்கண் அவர் கொடிகளை, அவை ஏறும் முறை பற்றி வகுத்துக் காட்டுகின்றார். தண்டினாலேயே சுற்றி ஏறுவன சில. அவரையும் சங்குப்பூவும் அத்தகையன. பற்றுக்கம்பியை நீட்டிப் பிடித்து ஏறுவன சில. பீர்க்கும் பாகலும், நம் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையும் அத்தகையன. வேர்விட்டு ஒட்டி ஏறுவன சில. மிளகும் வெற்றிலையும் அத்தகையன. கொக்கி போன்ற முள்ளை மாட்டிக்கொண்டு மேற்செல்வன சில. ரோஜா இக்கடைசி வகையைச் சார்ந்தது. இவ்வகையே ஏறுந்திறனிற் கடைப்பட்டது என்று, குளிர்நாடுகளின் நிலையை வைத்து, டார்வின் கருதினார்.

புதருக்குள் நிற்கும் ரோஜா, அண்டைச் செடியின் கிளையில் முள்ளை மாட்டி ஒருவாறு மேலெழும். காரை பூசிய சுவரிலோ முள் மாட்டுவதற்கு இடமே இல்லை. ஆதலின் சுவரில் நாம் காணும் ரோஜா தானே ஏறியதன்று; மனிதர் கை கம்பி கட்டி, அதில் ஏற்றிக் கட்டியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணிநேர வெயிலும், இலைகளிடையே தடையின்றி ஓடும் காற்றும் அதற்கு வேண்டும். இவை குறையின் இலையிற் கரும்புள்ளி நோயும் சாம்பல் நோயும் தோன்றும். நேரே மேல்நோக்கி விடப்பட்ட தண்டு நுனியில் மட்டுமே பூக்கும். அதனையே வளைத்துக் கிடையாகக் கட்டினால் கணுத்தோறும் பக்கக்கிளை எழுந்து, சுவர் நிறையப் பூக்கும். இத்துணைப் பணிவிடையை வேண்டி நிற்கும் செடியை, எப்பணிவிடையும் வேண்டாது பாயும் கொடியோடு ஒருசேர நிறுத்துகின்றோம் என்பதை மறத்தலாகாது.

வன்கொடிக்குச் சான்றாக, நம் ஊர்களிற் கொடி ரோஜா என்று வழங்கப்பெறுவதையே எடுத்துக்கொள்வோம். இளஞ்சிவப்பு நிறத்திற் கொத்துக்கொத்தாகப் பூத்து, வேலியையும் பந்தலையும் மூடி நிற்பது அது. பெயரளவிலன்றி அது ரோஜா இனமன்று. மெக்சிக்கோ நாட்டைத் தாயகமாகக் கொண்டு, பற்றுக்கம்பியால் ஏறுவது. நிலத்தினடியிற் கிழங்கு வைத்திருத்தலின், கோடையிற் கருகினும், தரைமட்டமாக வெட்டினும், அடுத்த மழைக்கு மீண்டும் தழைக்கும். இதனை இகழ்தற்காக யான் இவற்றைக் கூறவில்லை. ரோஜா சோர்ந்து நிற்கும் கடும் வெயிலில் இது நகைத்து நிற்கும். தேனீக்கள் பகல் முழுதும் இதனை நாடி வரும். சுடுகின்ற சுவரை இதன் தழை போர்த்துக் குளிர்விக்கும். ஒருவன் வலியனாயிருத்தல் குற்றமன்று. கொடி வலியதாயிருத்தலும் அவ்வாறே.

இனி, இவ்விரண்டையும் ஒருங்கே விரும்புதற்கு நம் நிலத்திற் காரணமும் உண்டு. போடிநாயக்கனூருக்கு அண்மையில், ஏலமலையின் கீழ்ச்சரிவை நோக்கியிருக்கும் இராசிங்காபுரத்தை எண்ணிப் பாருங்கள். தென்மேற்குப் பருவமேகம் தன் நீரை மலையின் மேற்கே சொரிந்துவிடுகின்றது. ஆனியிலும் ஆடியிலும் அடிவாரத்தை வந்தடைவது பெரும்பாலும் காற்றே. ஐப்பசி, கார்த்திகை மழையே இங்கு நிலத்தை நிறைப்பது. இத்தகைய நிலத்தில், வெயிலிற் காய்ந்த வெறுஞ்சுவர் அருகில் நிற்கும் செடியைச் சுட்டுவிடும். பச்சைப் போர்வையுடைய சுவரோ அச்சூட்டைத் தணிக்கும். ஆதலின் ரோஜாவுக்கு வன்கொடி பகையாக மட்டுமன்றித் துணையாகவும் ஆதல் கூடும். எவ்வளவு இடத்தில், எவ்வளவு காலம் என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை தேடி நாம் கடல்கடந்து செல்ல வேண்டா. தலைநிமிர்ந்து மேற்கே மலையை நோக்கினாற் போதும். போடிநாயக்கனூர்ச் சந்தையில் ஏலத்தில் விற்கப்படும் ஏலக்காய் விளையும் தோட்டங்களில், ஒரே நிலத்தில் மூன்று அடுக்காகச் செடிகள் வாழ்கின்றன. உயர்ந்து நிற்பது நிழல்மரம். அம்மரத்தைப் பற்றி வேர்விட்டு ஏறுவது, பழந்தமிழர் கறி என வழங்கிய மிளகுக்கொடி. கீழே ஈரமண்ணில் நிற்பது ஏலச்செடி. மூன்றும் தாமாகவே ஒத்து வாழ்கின்றன என்று எண்ணுதல் பேதைமை. ஏலத்திற்கு வேண்டுவது ஏறத்தாழப் பாதி வெளிச்சம். மரத்தை அதன் போக்கில் விட்டால் நிழல் மிகுந்து ஏலம் காய்க்காது. மரத்தை அறவே வெட்டினால் வெயிலில் ஏலம் கருகும். ஆதலின் பருவமழைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் கிளைகழித்து நிழலை அளவு செய்கின்றனர். கல்யாண முருங்கை போன்ற மரங்களில் மிளகுக்கொடி பற்றும் வரை அதனைத் தண்டோடு சேர்த்துக் கட்டுகின்றனர். மரமும் தப்புகின்றது, கொடியும் ஏறுகின்றது, ஏலமும் காய்க்கின்றது.

இவ்வறிவு ஏட்டில் எழுதப்பெற்றதன்று. போடிநாயக்கனூரிலிருந்தும் சுற்றிலுமுள்ள சிற்றூர்களிலிருந்தும் விடியுமுன் எழுந்து, ஜீப்புகளில் ஏறி மலைத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயத் திரும்பும் தொழிலாளரின் கைகளில் இருப்பது; அவருட் பெண்டிரே பலர். எக்கிளையைக் கழிப்பது, எதனை விடுவது என்பதை அவர் ஒரு நோக்கில் அறிவர். மதிலடியில் நின்று, ரோஜாவா கொடியா என்று வழக்காடும் நாம், அவர்பாற் சென்று ஒருநாட் கற்பின், வழக்கு அன்றே முடிந்துவிடும்.

மலைத்தோட்டத்தின் அம்முறையை மதிலுக்குக் கொணர்ந்தால் பெறப்படும் நெறிகள் சிலவே. கிழக்கு நோக்கிய சுவரை ரோஜாவுக்குக் கொடுத்தல் வேண்டும். காலை வெயில் இலையின் ஈரத்தை உலர்த்தும், மாலை வெம்மையோ அதனைத் தாக்காது. சுவரடி மண் பெரும்பாலும் உலர்ந்தும் காரைச் சுண்ணாம்பு கலந்தும் இருத்தலின், சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளிக் குழி எடுத்து, மக்கிய எருவிட்டு நடுதல் வேண்டும். ரோஜா வேரூன்றிச் சுவரில் நன்கு பரவும் வரை, ஓராண்டேனும் ஈராண்டேனும், வன்கொடியை நடாதிருத்தல் வேண்டும். பின்னரும் அதனை ரோஜாவின் அடியிலே நடாது, ஏழெட்டு அடி தள்ளி நடுதல் நன்று. இரண்டுக்கும் வெவ்வேறு கம்பி கட்டுக; ரோஜாவின் கம்பி சுவரினின்று நான்கு விரல் விலகி நிற்பின் காற்று இடையே ஓடும். வன்கொடியின் பற்றுக்கம்பி ரோஜாத் தண்டைப் பிடித்த அன்றே அதனை விடுவித்தல் வேண்டும். பின்னாளிற் பிரிக்கப் புகுந்தால் இரண்டும் ஒடியும். கொடியை ஆண்டுக்கு ஒருமுறையன்றி, அது வளரும் பருவமெல்லாம் கழித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஏறு ரோஜாவையோ அவ்வாறு கழித்தலாகாது. முதிர்ந்து பட்ட தண்டுகளை மட்டும் நீக்கி, இளந்தண்டுகளைக் கிடையாகக் கட்டுதலே போதும்.

இவற்றுள் எதுவும் அரிய செயலன்று. ஆனால் எதுவும் ஒருமுறை செய்து மறக்கத்தக்கதும் அன்று.

இனி, வன்கொடியைப் பிடுங்குக என்பார் கூற்றை நோக்குவோம். தூய்மை வேண்டிய அவர் ஆசை நல்லதே. ஆயினும் வேறுபட்டவற்றை அருகருகே வைத்தலால் உலகம் பெற்ற நன்மைகளை அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ்நாட்டிற் பூமாலைக்கும், ஒட்டுக்கட்டும் வேர்ச்செடிக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் எட்வர்டு ரோஜாவின் பிறப்பையே கேளுங்கள். இந்துமாக்கடலில் உள்ள ரீயூனியன் தீவு முன்னர்ப் பூர்போன் என்னும் பெயர் பெற்றிருந்தது. அங்குள்ளோர் தம் நிலங்களுக்குச் சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் அடுத்தடுத்து வேலியாக நட்டிருந்தனர். 1817-ஆம் ஆண்டளவில் அவ்வேலியினிடையே இரண்டையும் ஒத்து, இரண்டினும் வேறான புதுச்செடி ஒன்று கண்டெடுக்கப்பட்டது என்பது தோட்டக்கலை வரலாறு. அதன் வழிவந்ததே பூர்போன் ரோஜாக் குலம். நம் எட்வர்டு ரோஜாவும் அக்குலத்தது. ஒரு வேலிக்கு ஒரே செடி என்று அத்தீவினர் உறுதி பூண்டிருப்பின், நம் மாலைகளில் அந்த மணம் ஏது?

நம் பழனிமலையும் இதற்கு மற்றொரு சான்று தருகின்றது. கோடைக்கானலில் வாழ்ந்து ரோஜா இனங்களை உண்டாக்கிய எம். எஸ். வீரராகவனும் அவர்தம் துணைவியார் கிரிஜாவும், குளிர்நாட்டு ரோஜாக்கள் நம் வெம்மையில் வாடுவதைக் கண்டு, இந்தியக் காட்டு ரோஜாக்களின்பால் தம் நோக்கைத் திருப்பினர். மணிப்பூர் மலைகளில் மரவுச்சி வரை ஏறிப் படரும் பெருங்கொடியான ரோசா ஜிகாண்டியாவையும், ஈரத்தையும் வெம்மையையும் தாங்கும் ரோசா கிளினோபில்லாவையும் பிற ரோஜாக்களோடு இணைத்துப் புதியன பல படைத்தனர். வன்மையை வேரறுக்காது, அதனை மென்மையோடு சேர்த்து நெறிப்படுத்தலே அவர் செய்த பணியின் சாரம்.

இயற்கையின் போக்கில் விடுக என்பார் கூற்றோ கேட்பதற்கு இனியது. சோம்பலுக்கு ஞானத்தின் ஆடை உடுத்தியது. நம் திருமறை பயின்றாரிற் சிலர், கோதுமையும் களையும் அறுப்புக்காலம் வரை சேர்ந்தே வளரட்டும் என்று வீட்டெஜமான் கூறிய உவமையை இதற்குத் துணையாக அழைப்பதுண்டு. மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் அவ்வுவமையை ஊன்றி நோக்குக. களையைப் பறிக்கப் புகுந்து கோதுமையையும் வேரோடு பிடுங்கிவிடலாகாது என்னும் இரக்கத்தாலன்றோ அவர் தடுத்தார்? காவலையே கைவிடுக என்று அவர் கட்டளையிடவில்லை. யோவான் எழுதின சுவிசேஷத்திலோ, பிதாவானவர் திராட்சத் தோட்டக்காரராகக் காட்டப்படுகின்றார். கனி தரும் கொடியையும் அது மிகுந்த கனி தரும்பொருட்டு அவர் சுத்தம் பண்ணுகின்றார். பிடுங்காமையும் கழித்தலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே தோட்டக்காரரின் அன்பு. முதலதை மட்டும் பற்றிக்கொள்வார் பாதி வசனத்தைப் படித்தவரே.

போக்கில் விட்டதன் விளைவைக் காண விரும்புவார் மலைக்காடுகளைக் காண்க. பாரியின் நண்பராகிய கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை அடுக்கிக் கூறுகின்றது. ரோஜா அவற்றுள் இல்லை. அது கொண்டு நம் மலைகளில் ரோஜாவே இல்லை எனல் பொருந்தாது. பழனிமலையிலும் நீலகிரியிலும் சோலைக்காடுகளின் ஓரத்தே வெண்ணிறப் பூப்பூக்கும் காட்டு ரோஜாக்கொடி ஒன்று உண்டு. பிரெஞ்சுத் தாவர அறிஞர் லெஷனோ என்பாரின் பெயரால் அதனை ரோசா லெஷனோல்டியானா என்பர். அது இம்மலைகளுக்கு உரியது. மனிதர் அயல்நாடுகளிலிருந்து கொணர்ந்த கொடிகளோ மேற்குமலைத் தொடரிற் பலவிடத்தும் காடேறிவிட்டன. நீலகிரிச் சோலைகளில் தென்னமெரிக்கப் பேஷன் பழக்கொடியும், கேரளக் காடுகளிலும் தோட்டங்களிலும் மைக்கானியா என்னும் கொடியும் மரங்களைப் போர்த்து மூடுகின்றன. கொண்டுவந்தவர் மனிதர், கொண்டுவந்தபின் இயற்கையின்மேற் பழிபோடுதல் அறமாகாது. நம் கை தொடாத காட்டைப் பற்றி வேண்டுமாயின் இயற்கையின் போக்கு என்று பேசலாம். நாம் நட்ட இடத்தில் இயற்கை என்பது நம் கடமைக்கு நாம் இட்ட மறுபெயர்.

ரோஜாவின் பக்கமே நின்று யான் வழக்குரைப்பதாக எவரும் கருதவேண்டா. இங்கிலாந்தில் விடா சாக்வில்-வெஸ்ட் என்னும் எழுத்தாளரும் அவர் கணவரும் 1930-இல் வாங்கித் திருத்திய சிசிங்கர்ஸ்ட் தோட்டம் உலகப் புகழ் பெற்றது. அங்கு வெள்ளைப் பூக்களுக்கென அமைந்த பகுதியில், வாதுமை மரங்களின்மேல் ஏறு ரோஜாக்களைப் படரவிட்டிருந்தனர். நாளடைவில் ரோஜாவின் பாரம் தாங்காது மரங்கள் நலிந்தன; 1970-இல் அவ்விடத்தே ரோஜாவுக்கு இரும்புப் பந்தல் அமைக்கப்பட்டது. கொடி ரோஜாவின் முன் மெலியதாயிருந்த அதே ரோஜா, வாதுமையின் முன் வலியதாயிற்று. மெலியார், வலியார் என்பன பிறவிப் பெயர்களல்ல. அருகில் நிற்பவரைப் பொறுத்த பெயர்கள். ஆதலின் எந்தச் செடியை விரும்புகின்றோம் என்பதன்று, எந்தச் செடி இப்போது ஒளியிழக்கின்றது என்பதே தோட்டக்காரன் நாள்தோறும் கேட்க வேண்டிய வினா.

ஒளிக்கு அடுத்தது வேர். ஜெர்மனி நாட்டு ஹில்டஸ்ஹைம் நகரப் பேராலயத்தின் சுவரில் ஒரு காட்டு ரோஜா பல நூற்றாண்டுகளாகப் படர்ந்து நிற்கின்றது. ஆயிரமாண்டு ரோஜா என்றே அதனை அழைப்பர். 1945-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் வானத்திலிருந்து வீழ்ந்த குண்டுகளால் ஆலயம் இடிந்தது. ரோஜாவின் மேற்பகுதி எரிந்தது; அடிப்பகுதி இடிபாடுகளுள் மறைந்தது. ஆயினும் வேர் பிழைத்துப் புதுத்தளிர் விட்டு, மீண்டும் சுவரேறிப் பூத்தது. நெருப்பாலும் அழிக்க இயலாத ரோஜாவை, வேரடியில் நெருங்கி நட்ட வன்கொடி ஓசையின்றி உலர்த்திவிடும். நீருக்கும் எருவுக்கும் நடக்கும் அப்போர் மண்ணுக்குள் நடப்பது, காண்பார் இலர். அதனாலன்றோ ஏழெட்டு அடி இடைவெளி வேண்டும் என்றேன்.

கல்லூரி மலரிற் செடிகொடிகளைப் பற்றி இத்துணை நீளமாக எழுதுவானேன் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நம் கல்லூரியும் ஒரு மதிலே. குலமும் செல்வமும் பாராது எல்லார்க்கும் கல்வியின் கதவைத் திறந்த பெருமை மிஷன் கல்லூரிகளுக்கு உண்டு, அப்பெருமை மெய்யானது. தன் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி வாயிலை மிதித்தவனும், தொட்டிலிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவனும் இங்கு ஒரே பலகையில் அமர்கின்றனர். ஒரே பாடத்தைக் கேட்கின்றனர். ஒரே தேர்வை எழுதுகின்றனர். சுவரைச் சமமாகக் கொடுத்துவிட்டோம், இனி அவரவர் திறமை என்று கூறி அமைதல் எளிது. நடுவுநிலைமை போலத் தோன்றுவது அது. ஆனால் முள்ளைத் தவிரப் பற்றுக்கருவி இல்லாத செடிக்கும், நூறு பற்றுக்கம்பி உடைய கொடிக்கும் ஒரே குடத்தால் ஒரே அளவு நீர் வார்த்துவிட்டுக் கைகட்டி நிற்பவன் நடுவுநிலைமையாளன் அல்லன். அவன் அறிந்தோ அறியாமலோ வன்கொடியின் பக்கமே நிற்பவன். ஒருவர்க்குக் கட்டும் கயிறு வேண்டும்; மற்றவர்க்குக் கழிக்கும் கத்தி வேண்டும். வேண்டுவன வேறாயினும் இரண்டும் அன்பின் செயல்களே. கழிக்கப்பட்ட கொடியும் செழித்தே பூக்கும் என்பதை ஏலத்தோட்டமும் திராட்சத் தோட்டமும் நமக்குக் காட்டுகின்றன.

ஆதலின், மாணவ நண்பர்களே, மதிலருகே ரோஜாவையும் நடுக. அதனருகே வலிய கொடியையும் அஞ்சாது நடுக. ஆனால் நடும் நாளிலேயே இதனையும் உளத்திற் கொள்க: இரண்டை நட்டவன் இரண்டுக்கும் காவலன். பாரி கொடுத்த தேர் ஒருநாட் கொடை. மதிலடியில் நிற்கும் நமக்கு அத்துணைப் பெருங்கொடை வேண்டா. கையில் ஒரு சிறு கத்தியும், சிறிது கயிறும், ஆண்டு முழுவதும் மறவாது வந்து பார்க்கும் கண்ணுமே வேண்டும்.